கணக்கின் முதல் வரியை யார் எழுதுவது?

கேள்வி: மதிப்புக்குரிய ஐயா, நான் ஒரு பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல், வான்வெளிப் பொறியியல் மாணவர்களுக்கு மூன்று ஆண்டுகளாகப் பொருள்களின் வலிமையியலும் காற்றியக்கவியலும் கற்பித்து வருகிறேன். வகுப்பில் 60 பேர் இருக்கிறார்கள். கரும்பலகையில் நான் கணக்கைப் போடும்போது எல்லோருக்கும் புரிகிறது. அதே மாதிரிக் கணக்கைத் தேர்வில் கேட்டால் எழுதியும் விடுகிறார்கள். ஆனால் படத்தைச் சற்றே மாற்றிக் கொடுத்தால் பாதிப் பேர் முதல் வரியைக்கூட எழுதுவதில்லை. சென்ற வாரம் ஒரு மாணவி, "இறக்கையின் மேற்பரப்பு வளைந்திருப்பதால்தான் விமானம் பறக்கிறது என்றால், தலைகீழாக எப்படிப் பறக்கிறது?" என்று கேட்டார். அது பாடத்திட்டத்தில் இல்லை என்று சொல்லிக் கடந்துவிட்டேன். அந்தப் பதில் இன்னும் என்னை உறுத்துகிறது. கணிதத்தைக் குறைத்துச் சிமுலேஷன் மென்பொருளை அதிகமாக்கினால் மாணவர்களுக்கு ஆர்வம் வருமா? பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதாத நிலையில் நான் எதை மாற்றலாம்?

பதில்: அன்புள்ள ஆசிரியருக்கு, உங்கள் சிக்கல் என்ன என்பதை நீங்களே ஒரே தொடரில் எழுதிவிட்டீர்கள். "முதல் வரியைக்கூட எழுதுவதில்லை" என்கிறீர்கள். அந்த முதல் வரியை இதுவரை அவர்கள் எழுதியதே இல்லை என்பதுதான் காரணம் என்று நான் கருதுகிறேன். "ஒருமுனை பொருத்திய விட்டம் (பீம்) ஒன்றின் மறுமுனையில் இவ்வளவு எடை தொங்குகிறது" என்று பாடநூல் கேள்வி தொடங்கும்போதே, பொறியியல் வேலையில் கடினமான பாதியைக் கேள்வியை அமைத்தவர் செய்து முடித்துவிடுகிறார். எதைத் தனித்துப் பார்ப்பது, எந்த விசையைக் கணக்கில் சேர்ப்பது, எதைப் புறக்கணிப்பது, முனை உண்மையிலேயே அசையாமல் இருக்கிறதா என்ற முடிவுகளெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டன. எஞ்சியிருப்பது இயற்கணிதம் மட்டுமே. நம் மாணவர்கள் நான்காண்டுகள் இரண்டாம் வரியிலிருந்து கணக்குப் போடப் பழகுகிறார்கள். படம் மாறியவுடன் தடுமாறுவதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

இதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நானும் முதல் ஏழெட்டு ஆண்டுகள் இப்படித்தான் கற்பித்தேன். கரும்பலகையின் இடது ஓரத்தில் ஒரு பொருளைத் தனியாக எடுத்து அதன்மேல் செயல்படும் விசைகளைக் காட்டும் தனிப்பொருள் விசைப்படத்தை, மாணவர்கள் ஃப்ரீ பாடி டயகிராம் என்று சொல்வதை, நானே அழகாக வரைந்துவிட்டு, "இனிச் சமன்பாடுகளை எழுதுவோம்" என்று திரும்புவேன். ஒரு பருவத் தேர்வில், வகுப்பில் பத்து முறையாவது வரைந்திருந்த ஏணிக் கணக்கில் சுவருக்குப் பதிலாக உருளை ஒன்றின் மேல் ஏணி சாய்ந்திருப்பதாக மாற்றிக் கேட்டேன். விடைத்தாள்களில் பெரும்பாலானோர் உருளை தரும் விசையையும் கிடைமட்டமாகவே வரைந்திருந்தார்கள். தொடும் இடத்தில் எந்தத் திசையில் விசை வர முடியும் என்று அவர்கள் ஒருபோதும் யோசிக்க நேர்ந்ததில்லை. என் படத்தில் அம்புக்குறி கிடைமட்டமாக இருந்தது, அதை அப்படியே மனத்தில் வைத்திருந்தார்கள். அந்த விடைத்தாள்களைத் திருத்திய இரவில்தான், படத்தை வரையும் வேலையை அவர்கள் கையிலிருந்து நான் பிடுங்கிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு உறைத்தது.

எனவே நான் சொல்லும் மாற்றம் ஒன்றே ஒன்றுதான்: பொருளுக்கும் சமன்பாட்டுக்கும் இடையே உள்ள அந்தத் தூரத்தை மாணவர்களே கடக்கும்படி வகுப்பை அமையுங்கள், நீங்கள் அவர்களுக்குப் பின்னால் வாருங்கள். இது எப்படி நடக்கும் என்பதை ஓர் எளிய பொருளைக் கொண்டு விரிவாகச் சொல்கிறேன்.

30 சென்டிமீட்டர் எஃகு அளவுகோல் ஒன்றை எடுத்து, 20 சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாறு மேசை விளிம்பில் ஒரு மரக்கட்டையால் அழுத்திப் பிடியுங்கள். அகலம் 25 மில்லிமீட்டர், தடிமன் 1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நுனியில் 100 கிராம் எடையை (ஏறத்தாழ 1 நியூட்டன் விசையை) தொங்கவிட்டால் நுனி எவ்வளவு கீழே இறங்கும் என்று கேட்டு, எடையைத் தொங்கவிடாமல் நிறுத்துங்கள். ஒவ்வொருவரும் ஓர் எண்ணைத் தாளில் எழுத வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் தம் எண்ணுக்குக் காரணம் சொல்ல வேண்டும். அரை மில்லிமீட்டரிலிருந்து 5 சென்டிமீட்டர் வரை எல்லா எண்களும் வரும், வரட்டும். அதன்பின் விட்டத்தின் இறக்கத்துக்கான வாய்பாட்டைப் போட்டால், எஃகின் மீள்தன்மைக் குணகத்தை (உருமாறுவதை அது எவ்வளவு எதிர்க்கிறது என்பதன் அளவை) 200 கிகா பாஸ்கல் எனக் கொண்டு, 6.4 மில்லிமீட்டர் என்று விடை வரும். இப்போது எடையைத் தொங்கவிட்டு அளந்தால், பெரும்பாலும் 6.4 வராது, அதைவிடக் கூடுதலாக வரும்.

பாடம் உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. ஏன் கூடியது என்று கேளுங்கள். அளவுகோலின் சொந்த எடை என்று ஒருவர் சொல்வார். நல்ல ஐயம்தான், கணக்கிட்டுப் பார்த்தால் நீட்டியிருக்கும் பகுதியின் எடை ஏறத்தாழ 39 கிராம், அதனால் வரும் இறக்கம் 0.9 மில்லிமீட்டர். ஆனால் அந்த இறக்கம் நாம் எடையைத் தொங்கவிடுவதற்கு முன்பே நிகழ்ந்துவிட்டது, அளவீட்டை அதற்குப் பிறகுதான் தொடங்கினோம் என்று மற்றொருவர் மறுப்பார். பிடித்திருக்கும் முனை சற்றே திரும்புகிறது என்பதை யாராவது மரக்கட்டையைக் குனிந்து பார்த்துக் கண்டுபிடிப்பார்கள். "அசையாமல் பொருத்திய முனை" என்பது புத்தகத்தில் மட்டுமே முழுமையாக உள்ள ஒன்று என்பது அப்போது அவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். இன்னொரு காரணத்தை நீங்கள் எடுத்துக்கொடுக்க வேண்டியிருக்கலாம்: தடிமன் உண்மையிலேயே 1 மில்லிமீட்டர்தானா என்று நுண்ணளவியால் (மைக்ரோமீட்டரால்) பார்க்கச் சொல்லுங்கள். அது 0.9 மில்லிமீட்டராக இருந்தால், தடிமன் மும்மடிப் பெருக்கமாக வருவதால், இறக்கம் 37 சதவீதம் கூடி 8.8 மில்லிமீட்டராகிவிடும். ஒரு வாய்பாட்டில் எந்த அளவு முதற்படியில் இருக்கிறது, எது மும்மடியில் இருக்கிறது என்பது தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் விவரமாக இருந்த நிலை மாறி, எதைக் கவனமாக அளக்க வேண்டும் என்ற வேலைக் கட்டளையாக ஆகிவிடுகிறது.

முடிப்பதற்கு முன் அளவுகோலை விளிம்பு மேலாக நிற்கும்படி 90 பாகை திருப்பிப் பிடித்து மீண்டும் ஊகிக்கச் சொல்லுங்கள். அதே எஃகு, அதே எடை. விறைப்பு 625 மடங்கு கூடி, இறக்கம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காகச் சுருங்கும். விமான இறக்கைக்குள் இருக்கும் முதன்மை விட்டம் ஏன் உயரமாகவும் மெல்லியதாகவும் இருக்கிறது என்பதை அதற்குப் பிறகு விளக்க அரை நிமிடம் போதும்.

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் மகிழ்ச்சி தந்த செய்தி அதுதான். விளக்கம் ஒன்றை எல்லைவரை இழுத்துப் பார்த்து அது கிழிகிறதா என்று சோதித்திருக்கிறார். இதைச் செய்யும் ஒருவர் வகுப்பில் இருப்பது பெரும்பேறு. கிழிந்த விளக்கமும் கிழிய வேண்டியதே. மேற்பரப்பு வளைந்திருப்பதால் மேலே செல்லும் காற்றுக்குப் பாதை நீளம், பின்விளிம்பில் கீழ்க்காற்றோடு ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்பதால் அது வேகமாக ஓடுகிறது என்ற விளக்கம் இன்னும் பல இடங்களில் சொல்லப்படுகிறது. இரண்டு காற்றுத் துணுக்குகளும் ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்று இயற்பியலில் எந்த விதியும் இல்லை. காற்றுச் சுரங்கத்தில் விட்டுவிட்டுப் புகையைச் செலுத்திப் பார்த்தால், மேலே செல்லும் புகை கீழே செல்வதைவிட முன்னதாகவே பின்விளிம்பைக் கடந்துவிடுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

உண்மையில் நடப்பது இதுதான். இறக்கை தன்னைச் சுற்றி வரும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. காற்றின் உந்தம் கீழ்நோக்கி மாறும் அளவுக்கு இறக்கைக்கு மேல்நோக்கிய விசை கிடைக்கிறது. இதையே அழுத்தத்தின் வழியாகவும் சொல்லலாம்: வளைந்த பாதையில் செல்லும் காற்றை வளைவின் மையம் நோக்கித் தள்ள ஒரு விசை வேண்டும், அதை அழுத்த வேறுபாடுதான் தர முடியும், தொலைவில் வளிமண்டல அழுத்தம் இருப்பதால், மேற்பரப்பை ஒட்டி அழுத்தம் அதைவிடக் குறைந்தே ஆக வேண்டும். இரண்டும் ஒரே நிகழ்வின் இரண்டு கணக்குகள். எது சரி என்று மாணவர்களை மோதவிட வேண்டாம். காற்றைத் திருப்புவதற்கு வளைவு உதவுகிறது, ஆனால் தாக்குகோணமும், அதாவது எதிர்வரும் காற்றுக்கு இறக்கை சாய்ந்திருக்கும் கோணமும், அதே வேலையைச் செய்யும். தட்டையான காகித விமானம் பறப்பது அதனால்தான்.

இதை எண்களாக்கி வகுப்பில் வையுங்கள். மிதமான வளைவுள்ள ஓர் இறக்கை, தாக்குகோணம் கழித்தல் 2 பாகையாக இருக்கும்போது ஏற்றுவிசை ஏதும் தராது என்றும், அங்கிருந்து ஒவ்வொரு பாகைக்கும் ஏற்றுவிசைக் குணகம் (ஒரே வேகத்திலும் காற்றடர்த்தியிலும் இறக்கை எவ்வளவு தூக்குகிறது என்பதைக் காட்டும் அலகில்லா எண்) 0.1 கூடும் என்றும் எடுத்துக்கொள்வோம். பறப்பதற்குக் குணகம் 0.6 வேண்டுமென்றால் நிமிர்ந்து பறக்கும்போது 4 பாகை போதும். தலைகீழாகப் பறக்கும்போது 8 பாகை வேண்டும். அதாவது விமானி மூக்கைக் கூடுதலாக உயர்த்திப் பிடிக்க வேண்டும், விமானத்தைக் காற்று பின்னிழுக்கும் இழுவிசையும் கூடும், அவ்வளவுதான். சாகசப் பறப்புக்கான விமானங்களில் மேலும் கீழும் ஒரே வடிவமுள்ள இறக்கைகளை வைப்பதன் காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. நான்கு வரிக் கணக்கு இது; உங்கள் பாடத்திட்டத்தில் ஏற்கெனவே உள்ள ஒரு நேர்கோட்டு வரைபடத்தைத் தலைகீழாகப் படிப்பதைத் தவிர வேறொன்றுமில்லை.

இதனுடன் இன்னொரு மதிப்பீட்டையும் சேர்த்துக் கேட்பது என் வழக்கம். 70 டன் எடையுள்ள பயணிகள் விமானம், இறக்கைப் பரப்பு 125 சதுர மீட்டர். இறக்கையின் மேலும் கீழும் சராசரியாக எவ்வளவு அழுத்த வேறுபாடு வேண்டும்? மாணவர்கள் மிகப் பெரிய எண்ணை எதிர்பார்ப்பார்கள். வகுத்துப் பார்த்தால் ஏறத்தாழ 5,500 பாஸ்கல். கடல்மட்டக் காற்றழுத்தத்தில் இருபதில் ஒரு பங்குக்குச் சற்று மேல். இவ்வளவு சிறிய வேறுபாடு இவ்வளவு பெரிய எடையைத் தாங்குகிறது என்பதைத் தம் கையால் கண்டுபிடித்த மாணவர், அழுத்தப் பரவல் வரைபடத்தை அதன்பிறகு வேறு கண்ணோடு பார்ப்பார். பின்னர் 11 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 0.364 கிலோகிராம், வேகம் நொடிக்கு 230 மீட்டர் என்று கொடுத்து ஏற்றுவிசைக் குணகத்தைக் கேளுங்கள், 0.57 வரும். தரையருகே நொடிக்கு 70 மீட்டர் வேகத்தில் அதே கேள்வியைக் கேட்டால் 1.8க்கு மேல் போகும். வெறும் இறக்கையால் அது எளிதில் முடியாது, இறங்கும்போது இறக்கையின் பின்னோரத்திலுள்ள மடல்களை விரிப்பது அதற்காகத்தான் என்பதை அவர்களே உங்களுக்குச் சொல்லுவார்கள்.

சிமுலேஷன் மென்பொருளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை வகுப்புக்குள் கொண்டுவருவதை நான் வரவேற்கிறேன். கணிதத்தைக் குறைத்துவிட்டு அதன் இடத்தில் வைப்பதை உறுதியாக எதிர்க்கிறேன். மென்பொருள் எந்தக் கேள்விக்கும் வண்ணப்படம் ஒன்றைத் தந்துவிடும். கேள்வி தவறாக இருந்தாலும் படம் அழகாகவே இருக்கும். உள்நோக்கிய கூர்மூலை ஒன்றுள்ள தகட்டை மாணவர்களிடம் கொடுத்து, மென்பொருள் அதைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வலைப்பின்னலை மேலும் மேலும் நுணுக்கமாக்கி உச்சத் தகைவை (ஓரலகு பரப்பில் வரும் விசையை) குறித்துவரச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் எண் ஏறிக்கொண்டே போகும், எங்கும் நிற்காது. மீள்தன்மைக் கோட்பாட்டில் அந்தக் கூர்முனையில் தகைவுக்கு முடிவான மதிப்பே இல்லை. சிறு ஆரம் கொண்ட வளைவாக மூலையை வரைந்தால்தான் கேள்விக்குப் பொருள் உண்டாகும். இதைப் புரிந்துகொள்ளக் கணிதம் வேண்டும். என் வகுப்பில் ஒரு விதி உண்டு: மென்பொருளைத் திறப்பதற்கு முன் விடை எந்த அளவில் வரும் என்று தாளில் எழுதி, தேதியிட்டு, என்னிடம் கொடுத்துவிட வேண்டும். மதிப்பெண் அந்த ஊகம் சரியா என்பதற்கு இல்லை. ஊகத்துக்கும் வந்த விடைக்கும் உள்ள வேறுபாட்டை எப்படி விளக்குகிறார் என்பதற்குத்தான்.

இந்த இடத்தில் பிரிட்டனின் தொடக்ககால ஜெட் பயணிகள் விமானமான காமெட்டின் வரலாற்றை ஒரு முழு வகுப்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள். 1954 ஜனவரி 10 அன்றும் ஏப்ரல் 8 அன்றும் இரண்டு காமெட் விமானங்கள் நடுவானில் சிதைந்து விழுந்தன. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ ஆய்வு நிலையத்தில் முழு உடற்பகுதியையும் நீர்த்தொட்டிக்குள் வைத்து, திரும்பத் திரும்ப அழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சோதித்தபோது, திறப்பு ஒன்றின் மூலையருகே களைப்பு விரிசல் (திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் சுமையால் உலோகத்தில் வரும் விரிசல்) தோன்றி உடற்பகுதி பிளந்தது. மாணவர்கள் அறிய வேண்டியது இதன் முன்கதையை. களைப்புச் சோதனை முன்பே செய்யப்பட்டிருந்தது. அதில் உடற்பகுதி பல ஆயிரம் சுழற்சிகளைத் தாங்கவும் செய்தது. ஆனால் சோதித்த அதே உடற்பகுதியை அதற்கு முன்னர் வலிமைச் சோதனைக்காக மிகுந்த அழுத்தத்துக்கு உட்படுத்தியிருந்தார்கள். அப்போது மூலைகளில் உலோகம் சற்றே நெகிழ்ந்து, அழுத்தம் நீங்கியபின் அங்கே அமுக்கத் தகைவு தங்கிவிட்டது. அது விரிசலைத் தள்ளிப்போட்டது. பயணிகளோடு பறந்த விமானங்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. கணக்கும் சோதனையும் செய்தவர்கள் திறமைசாலிகள். தாம் சோதித்த பொருள், பறக்கப்போகும் பொருளைப் போன்றதுதானா என்ற கேள்வியில்தான் பிசகு நேர்ந்தது. நம் மாணவர்கள் எழுதாமல் விடும் முதல் வரியும் அதே கேள்விதான். உயிர்கள் போன நிகழ்வு என்பதால் இதை வகுப்பில் அவசரமின்றி, உரிய மதிப்போடு சொல்லுங்கள்.

அலகுகளைப் பற்றி ஒன்று மட்டும். 1999 செப்டம்பரில் செவ்வாய்க் கோளை நெருங்கிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் தொலைந்தது, ஒரு பக்கம் பவுண்டு விசை நொடியில் தந்த எண்ணை மறுபக்கம் நியூட்டன் நொடியாக எடுத்துக்கொண்டதால், வேறுபாடு 4.45 மடங்கு. விடைத்தாளில் அலகு எழுதாத வரிக்கு நான் மதிப்பெண் தருவதில்லை.

வெப்ப இயக்கவியலிலும் இதே முறை செல்லும். முழுவதும் மூடிய அறையில் குளிர்பதனப் பெட்டியின் கதவைத் திறந்து வைத்தால் அறை குளிருமா என்று கேளுங்கள். பெரும்பாலோர் குளிரும் என்பார்கள். அறையின் சுவரைச் சுற்றிப் புள்ளிக்கோடு ஒன்றை வரைந்து, அந்தக் கோட்டைக் கடந்து உள்ளே வருவது எது என்று கேட்டால், மின்னாற்றல் மட்டுமே என்று அவர்களே காண்பார்கள். அறை சூடாகத்தான் செய்யும். கோட்டை எங்கே வரைவது என்பதே அங்கும் முதல் வரி.

தேர்வை மாற்றாமல் வகுப்பை மட்டும் மாற்றினால் பயனில்லை. தேர்வு எதைக் கேட்கிறதோ அதைத்தான் மாணவர் படிப்பார். அதில் அவர்மேல் குறையில்லை. தேர்வு முழுவதும் உங்கள் கையில் இல்லாவிட்டாலும், இடைப்பருவத் தேர்வும் ஒப்படைப்புகளும் உங்கள் கையில் இருக்கும். அவற்றில் ஒரு கேள்வியிலாவது ஒரு பொருளின் ஒளிப்படத்தை மட்டும் கொடுத்து, விடையே கேட்காமல், எதைத் தனிமைப்படுத்துவீர்கள், எந்த விசைகளை வரைவீர்கள், எவற்றை எந்தக் காரணத்தால் விட்டுவிடுவீர்கள் என்று மட்டும் கேளுங்கள். மிதிவண்டியின் பிரேக் நெம்புகோல், கதவுக் கீல், விமானத்தின் இறங்குசக்கரக் கால் என எது வேண்டுமானாலும் இருக்கலாம். திருத்துவதற்கும் அதிக நேரம் ஆகாது.

ஒரு எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் மாணவர்கள் முணுமுணுப்பார்கள். "ஆசிரியர் பாடம் நடத்துவதில்லை, எங்களையே செய்யச் சொல்கிறார்" என்ற பேச்சு உங்கள் காதுக்கு வரும். 2019இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அறிமுக இயற்பியல் வகுப்புகளில் செய்த ஆய்வில், தாமே ஈடுபட்டுச் செய்த வகுப்பில் மாணவர்கள் அதிகம் கற்றிருந்தும், மெருகான விரிவுரையைக் கேட்டபோதுதான் அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள். தடுமாற்றத்தைக் கற்காமை என்று அவர்கள் தவறாக எடைபோடுகிறார்கள். இதை முதல் வாரத்திலேயே அவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். 2014இல் வெளியான, அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்த பகுப்பாய்வில், விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் சுமார் 34 சதவீதமாக இருந்த தோல்வி, மாணவர்கள் ஈடுபட்டுக் கற்ற வகுப்புகளில் 22 சதவீதமாக இருந்தது. துறைத்தலைவர் கேட்டால் இந்த எண்களை அவரிடம் காட்டலாம்.

நேரம் எங்கிருந்து வரும் என்பதே கடைசிக் கேள்வி. ஊகம், உரையாடல், சோதனை ஆகியவற்றுக்கு ஒரு வகுப்பில் 10 நிமிடம் போதும். அதை, சமன்பாடுகளை வருவிக்கும் வேலையில் ஒரு பகுதியை மாணவர்களின் வாசிப்புக்கு விட்டுவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா வருவிப்புகளையும் விட்டுவிடக் கூடாது. வளைவுச் சமன்பாடு, உந்தச் சமன்பாடு போல எந்த ஊகத்தின் மேல் நிற்கிறது என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிகிறவற்றைக் கரும்பலகையில் மெதுவாகச் செய்யுங்கள். வெறும் இயற்கணிதம் நீளும் பக்கங்களை அச்சிட்டுக் கொடுத்துவிடலாம். ஒரே வகையான ஐந்து மாதிரிக் கணக்குகளில் மூன்றை நான் கைவிட்டேன். இந்த ஆண்டே எல்லாப் பாடங்களிலும் தொடங்க வேண்டாம். வலிமையியலில் மட்டும், வாரத்துக்கு ஒரு வகுப்பு என்று தொடங்குங்கள்.

அதற்கு முன், அடுத்த காற்றியக்கவியல் வகுப்பின் தொடக்கத்தில், "அன்று அந்தக் கேள்விக்கு நான் தந்த பதில் சரியில்லை" என்று எல்லோர் முன்னிலையிலும் அந்த மாணவியிடம் சொல்லுங்கள். பிறகு ஏற்றுவிசைக் குணகத்துக்கும் தாக்குகோணத்துக்குமான கோட்டைக் கரும்பலகையில் வரைந்து, சுண்ணக்கட்டியை அவர் கையில் கொடுத்து, தலைகீழாகப் பறக்கும் விமானம் இந்தக் கோட்டில் எங்கே இருக்கும் என்று குறிக்கச் சொல்லுங்கள்.